ஒரு முதலை பொய், இன்னொரு முதலை நிஜம்

கேள்வி:

ஐயா, எனக்கு 48 வயது. பவானிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். சொந்தபந்தம் எல்லாம் சேர்ந்த எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் அறுபது பேருக்கு மேல் இருக்கிறார்கள். போன வருடம் மழைக்காலத்தில், பாலம் ஒன்று இடிந்து ஆற்றில் கிடக்கும் படம் எனக்கு வந்தது. எங்கள் பக்கத்துப் பாலம் என்று எழுதியிருந்தது. பதறிப்போய் குரூப்பில் போட்டுவிட்டேன். வளைகாப்புக்குக் கிளம்பிய என் சித்தப்பா குடும்பம் அதைப் பார்த்துவிட்டுப் பாதி வழியில் திரும்பிவிட்டது. அப்புறம்தான் அது வேறெங்கோ, பல வருடத்துக்கு முன்னால் எடுத்த படம் என்று தெரிந்தது. கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகன், "இதைக்கூடப் பார்க்கத் தெரியாதா அத்தை?" என்று எல்லோர் முன்னாலும் எழுதினான். அன்றிலிருந்து எந்தப் படம் வந்தாலும் நான் நம்புவதில்லை. ஆனால் இந்த வருடம், மேட்டூரில் தண்ணீர் அதிகம் திறக்கிறார்கள், கரையோரம் இருப்பவர்கள் ஜாக்கிரதை என்று ஒரு படத்தோடு செய்தி வந்தது. ஆற்றோரம் தோட்டம் வைத்திருக்கும் என் அண்ணன் என்னிடம் கேட்டார். "அதெல்லாம் பழைய படமாகத்தான் இருக்கும்" என்று நானே சொன்னேன். செய்தி உண்மை. அவருடைய மோட்டார் தண்ணீருக்குள் போய்விட்டது. நம்பினாலும் தப்பு, நம்பாவிட்டாலும் தப்பு என்றால் நான் என்னதான் செய்வது? ஒரு படத்தைப் பார்த்ததும் பொய்யா நிஜமா என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பார்த்ததும் கண்டுபிடிக்க வழி இல்லை. பத்திரிகைக்கு வரும் படங்களைச் சரிபார்ப்பதுதான் பதினெட்டு வருடமாக என் வேலை. எனக்கும் பார்த்தவுடன் தெரியாது. தெரியும் என்று யாராவது சொன்னால், அவர்கள் அனுப்பும் படங்களில் கூடுதல் கவனமாக இருங்கள்.

நீங்கள் இரண்டு தவறு செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது ஒரே தவறாகத்தான் தெரிகிறது. முதல் தடவை படத்தைப் பார்த்தே நம்பினீர்கள். இரண்டாவது தடவை படத்தைப் பார்த்தே நம்பாமல் விட்டீர்கள். இரண்டு தடவையும் படத்துக்கு வெளியே போய் யாரிடமும் கேட்கவில்லை. சென்னையின் இரண்டு முதலைக் கதைகளைச் சொன்னால் இது உங்களுக்கு விளங்கும்.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது. கரண்ட் இல்லை, பல இடங்களில் போன் இல்லை. அந்த நேரத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருக்கும் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பித்து வெள்ளத்தில் நீந்தி வருகின்றன என்று படங்களோடு செய்தி பரவியது. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு முதலைகூடத் தப்பவில்லை என்று பண்ணை நிர்வாகம் மறுப்புச் சொல்ல வேண்டியிருந்தது. அதே வாரத்தில், இன்னும் 250 சென்டிமீட்டர் மழை பெய்யப் போகிறது என்று நாசா எச்சரித்ததாகவும் ஒரு வதந்தி ஓடியது. அதுவும் பொய். அந்த அமைப்பு அப்படி எதுவும் சொல்லவில்லை.

எட்டு வருடம் கழித்து, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. பெருங்களத்தூர் பக்கம், கொட்டும் மழையில், இருட்டில், காருக்குள்ளிருந்து யாரோ எடுத்த ஒரு வீடியோ பரவியது. சாலையைக் கடந்து ஒரு முதலை போகிறது. படம் தெளிவாக இல்லை. வாட்ஸ்அப்பில் வந்தது. சென்னை வெள்ளத்தில் முதலை என்பது ஏற்கெனவே ஒரு தடவை பொய்யென்று நிரூபணமான கதை. அனுபவப்பட்டவர்கள் பலரும், "2015ல் கிளப்பிவிட்டதை மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள்" என்று ஒதுக்கியிருப்பார்கள். ஆனால் அது நிஜம். தமிழக சுற்றுச்சூழல், வனத்துறைச் செயலராக இருந்த சுப்ரியா சாகு அதை உறுதிப்படுத்தினார். சென்னையின் சில நீர்நிலைகளில் சதுப்புநில முதலைகள் உண்டு, அவை கூச்ச சுபாவம் கொண்டவை, ஏரி நிரம்பி வழிந்ததால் வெளியே வந்திருக்கிறது, பயப்பட வேண்டாம், தண்ணீர்ப் பக்கம் போகாதீர்கள் என்ற அளவில் அவருடைய விளக்கம் இருந்தது.

ஒரே ஊர், ஒரே மாதம், ஒரே மாதிரி வெள்ளம், ஒரே மிருகம். ஒன்று பொய், ஒன்று நிஜம். படத்தை எவ்வளவு உற்றுப் பார்த்திருந்தாலும் இதைப் பிரித்திருக்க முடியாது. முதலைப் பண்ணையில் கேட்டார்கள், வனத்துறையிடம் கேட்டார்கள், அதனால் தெரிந்தது.

படத்தை விட்டு வெளியே வருவது என்று நான் சொல்வதை அமெரிக்காவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் முனைவர் பட்டம் பெற்ற வரலாற்று அறிஞர்கள் 10 பேர், கல்லூரி மாணவர்கள் 25 பேர், தகவல் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் 10 பேரைச் சில இணையதளங்களைக் கொடுத்து உட்கார வைத்தார்கள். 2017ல் முடிவு வெளிவந்தது. அறிஞர்களும் மாணவர்களும் கொடுத்த பக்கத்தையே மேலிருந்து கீழாகப் படித்து, அதன் அழகையும் லோகோவையும் பார்த்துப் பல நேரம் ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் அந்தப் பக்கத்தில் தங்கவே இல்லை. உடனே வேறு பக்கங்களைத் திறந்து, இதைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். வேகமாகவும் சரியாகவும் முடித்தவர்கள் அவர்கள்தான். உங்களைவிட அதிகம் படித்தவர்களும் இதில் தடுமாறினார்கள் என்பதை உங்கள் மருமகனுக்கும் சொல்லுங்கள்.

சரி, உங்கள் பாலத்துக்கு வருவோம். அந்தப் படம் போலியாகச் செய்தது இல்லை. எங்கோ ஒரு பாலம் நிஜமாகவே இடிந்தது, யாரோ நிஜமாகவே படம் எடுத்தார்கள். பொய், கூடவே வந்த அந்த ஒரு வரியில் இருந்தது. என் மேசைக்கு வந்த பொய்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். படத்தில் கைவைக்க வேண்டிய அவசியமே இல்லை, தலைப்பை மாற்றினால் போதும். அதனால்தான் "வெட்டி ஒட்டியிருக்கிறார்களா, நிழல் சரியாக விழுகிறதா" என்று பார்த்துக்கொண்டே இருந்தால் தப்ப முடியாது.

தீபாவளி சமயத்தில் ஒவ்வொரு வருடமும் வரும் ஒரு படம் உங்களுக்கும் வந்திருக்கும். தீபாவளி இரவில் விண்வெளியிலிருந்து இந்தியா என்று, நாடு முழுக்க நீலம், பச்சை, சிவப்பாக ஜொலிக்கும். அது நிஜமான செயற்கைக்கோள் தகவலை வைத்துச் செய்த படம்தான். ஆனால் எந்த ஒரு இரவின் படமும் அல்ல. பல வருடத்துத் தகவலை ஒன்றாகச் சேர்த்து, அமெரிக்காவின் கடல், வானிலை ஆய்வு அமைப்பான நோவாவைச் சேர்ந்த கிறிஸ் எல்விட்ஜ் 2003ல் உருவாக்கியது. 1992க்கு முன்பே இருந்த நகர விளக்குகள் வெள்ளை, 1992ல் தெரியவந்தவை நீலம், 1998ல் தெரியவந்தவை பச்சை, 2003ல் தெரியவந்தவை சிவப்பு. நம் ஊர்கள் வளர்ந்த கதையைச் சொல்லும் அருமையான படம் அது. 2012 தீபாவளி சமயத்தில் நாசா நிஜமான இரவுப் படத்தை வெளியிட்டது. அதில் மற்ற நாட்களைப் போலவே மங்கலான மஞ்சள் புள்ளிகள்தான். தீபாவளியால் கூடும் வெளிச்சம் விண்வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத அளவுக்குக் கொஞ்சம் என்று சொல்லிவிட்டார்கள். பத்து வருடத்துக்கு மேல் ஆகியும் பழைய படம் இன்னும் சுற்றுகிறது.

தீபாவளிப் படத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. எல்லாப் படமும் அப்படி இல்லை. 2018ல் குழந்தை கடத்தும் கும்பல் என்று இந்தியா முழுக்க வீடியோக்கள் பரவின. ஒன்றில், பைக்கில் வருபவர்கள் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பார்த்தால் நெஞ்சு அடைக்கும். அது பாகிஸ்தானின் கராச்சியில் எடுத்த விழிப்புணர்வு விளம்பரம். முழு வீடியோவில் அவர்களே குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டு, குழந்தைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் யாரோ நறுக்கிவிட்டார்கள். வரிசையாகக் கிடக்கும் பிஞ்சுகளின் உடல்கள் என்று பரவிய இன்னொரு படம், 2013ல் சிரியாவின் கூட்டா பகுதியில் நடந்த ரசாயனத் தாக்குதலில் இறந்த குழந்தைகளுடையது.

அந்த வருடம் மே 9ஆம் தேதி, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு சென்னைக் குடும்பம் வழி கேட்க நிறுத்தியது. அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். கடத்தல்காரர்கள் என்று கூட்டம் சூழ்ந்துகொண்டது. 65 வயது அம்மா ஒருவர் அடித்தே கொல்லப்பட்டார். அடித்தவர்களில் பலரும் பிள்ளைகளைப் பெற்றவர்கள்தான், தங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாக நினைத்தவர்கள்தான். இந்த வேலையை நான் விடாமல் செய்வதற்கு அந்தச் சாவு ஒரு காரணம். ஃபார்வர்ட் செய்த ஒவ்வொருவரும் நல்லது செய்வதாகத்தான் நினைத்திருப்பார்கள். நீங்களும் அப்படித்தான் பாலத்துப் படத்தை அனுப்பினீர்கள்.

2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று வீடியோக்கள் வடக்கே பரவியபோதும் இதேதான் நடந்தது. டிஜிபியாக இருந்த சைலேந்திர பாபு விளக்கம் கொடுத்தார். ஒரு வீடியோ, பீகார் தொழிலாளர்களே இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து சண்டை போட்டது. இன்னொன்று, கோயம்புத்தூரில் உள்ளூர்க்காரர்கள் இருவருக்குள் நடந்தது. சண்டைகள் நிஜம், சொன்ன கதை பொய். உங்கள் மாவட்டத்திலும் திருப்பூரிலும் எத்தனை ஆலைகளில் அவர்கள் வேலை பார்க்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அந்த வாரம் அவர்களுடைய வீடுகளிலிருந்து எத்தனை அழுகைப் போன்கள் வந்திருக்கும்!

ஆகவே ஒரு படம் வந்தால் மனதில் எழ வேண்டிய கேள்வி, "இது எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது, முதலில் போட்டது யார்?" என்பதுதான். இதற்கு உங்கள் போனே போதும். கூகுள் ஆப்பைத் திறந்தால், தேடும் இடத்தில் ஒரு கேமரா குறி இருக்கும். அதை அழுத்தி, கேலரியிலிருந்து அந்தப் படத்தை எடுத்துக் கொடுங்கள். அதே படம் இணையத்தில் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று காட்டும். தேடுவதற்கு முன்னால், படத்தின் மேலும் கீழும் யாரோ எழுதிய வரிகளை வெட்டிவிட்டுக் காட்சியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வீடியோவாக இருந்தால், இடம் தெளிவாகத் தெரியும் ஒரு நொடியில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேடலாம். டின்ஐ (TinEye) என்று ஒரு தளம் இருக்கிறது. அதில் பழையதை முதலில் காட்டு என்று கேட்க வசதி உண்டு. போன வருடம் இடிந்ததாகச் சொல்லும் பாலம் ஐந்து வருடத்துக்கு முந்தைய செய்தியில் இருந்தால், விஷயம் அதோடு முடிந்தது. தேடி எதுவும் கிடைக்கவில்லை என்றால் மட்டும் படம் புதியது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இடம் வலமாகத் திருப்பிப்போட்டு, ஓரத்தை வெட்டி, தேடலில் சிக்காமல் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

வெள்ளத்துக்கு வெள்ளம் திரும்பி வரும் படங்கள் உலகம் முழுக்க உண்டு. தண்ணீர் தேங்கிய நெடுஞ்சாலையில், காருக்குப் பக்கத்தில் சுறா நீந்தும் படம் 2011ல் ஐரீன் புயலின்போது போர்ட்டோ ரிகோ என்று பரவியது. 2017ல் ஹார்வி புயலின்போது ஹூஸ்டன் என்று வந்தது. அந்தச் சுறா, தாமஸ் பெஷாக் என்ற புகைப்படக்காரர் தென்னாப்பிரிக்கக் கடலில் எடுத்த படத்திலிருந்து வெட்டி ஒட்டியது. ஆனால் 2022ல் ஃபுளோரிடாவின் ஃபோர்ட் மையர்ஸில், வெள்ளம் சூழ்ந்த வீடுகளுக்கு நடுவே சுறா போன்ற மீன் துள்ளிய வீடியோவைச் சரிபார்த்தபோது அது நிஜமாக எடுத்ததே என்று தெரிந்தது. பெருங்களத்தூர் முதலை மாதிரியேதான்.

தொழில்நுட்பத்தைவிட உதவும் ஒன்று உங்களிடம் இருக்கிறது. உங்கள் ஊர் உங்களுக்குத் தெரியும். பல வருடத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த ஒரு பத்திரிகையில், மழைச் செய்திக்கு ஒரு படத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன். முட்டளவு தண்ணீரில் கடைத்தெரு. அன்று காலையில் எடுத்தது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள், அப்படியே போட்டுவிட்டேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு அந்தத் தெருவில் டீக்கடை வைத்திருக்கும் ஒருவர் போன் செய்தார். "சார், படத்தில் தெரிகிற அந்தச் செருப்புக்கடையை இடித்து இரண்டு வருடம் ஆகிறது" என்றார். எனக்கு உடம்பு கூசிவிட்டது. அவரிடம் எந்தக் கருவியும் இல்லை, பெயர்ப்பலகையைப் படித்தார், அவ்வளவுதான். அன்றிலிருந்து எந்தப் படம் வந்தாலும் முதலில் எழுத்துகளைத் தேடுவேன். கடைப் பலகை எந்த மொழியில் இருக்கிறது, வண்டி நம்பர் எந்த மாநிலத்தது, போஸ்டரில் என்ன தேதி, பஸ் எந்த நிறம், ஆட்கள் ஸ்வெட்டர் போட்டிருக்கிறார்களா, வியர்த்து நிற்கிறார்களா. உங்கள் பாலத்துப் படத்திலும் தூண் எந்த வடிவம், கரையில் என்ன மரம், பின்னால் கோயில் கோபுரம் தெரிய வேண்டிய இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்திருந்தால், தினம் அந்த வழியாகப் போகும் உங்களுக்கு ஏதோ இடித்திருக்கும்.

மீம்களையும் நியூஸ் கார்டுகளையும் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். டிவி சேனலின் லோகோ, அதே நிறம், ஒரு தலைவரின் படம், பக்கத்தில் அவர் சொன்னதாக இரண்டு வரி. இதைச் செய்ய ஐந்து நிமிடம் போதும். அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்துக்குப் போய், கார்டில் உள்ள தேதியில் அது இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்துரு மாறியிருப்பது, ஒற்றெழுத்து விட்டுப்போயிருப்பது எல்லாம் சின்னத் தடயங்கள். அவற்றையே நம்பியிருக்க வேண்டாம், நல்ல தமிழில் பொய் எழுதுபவர்களும் உண்டு. பொன்மொழிப் படங்கள் அடுத்தது. அப்துல் கலாம் பெயரில் சுற்றும் வரிகளில் எத்தனையோ அவர் சொன்னதற்கு ஆதாரமே இல்லாதவை. மெக்காலே 1835 பிப்ரவரி 2ஆம் தேதி பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில், இந்தியாவில் ஒரு பிச்சைக்காரனையோ திருடனையோ பார்க்கவில்லை என்று பேசியதாக ஒரு படம் பல வருடமாக வருகிறது. அந்தத் தேதியில் அவர் லண்டனில் இல்லை, கல்கத்தாவில் இருந்தார். அன்று அவர் எழுதியது கல்வி பற்றிய குறிப்பு. அந்த வரிகள் அதில் கிடையாது. நம் பெருமையைப் பேசுவதால் இந்தப் படத்தைச் சந்தேகிக்க மனம் வராது. எனக்கும் அப்படித்தான். அதனால், பார்த்ததும் மனசு குளிர்கிறதா, ரத்தம் கொதிக்கிறதா, அப்போதுதான் நான் கூடுதலாக ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்கிறேன்.

செயற்கை நுண்ணறிவு வைத்துச் செய்த படங்கள் இப்போது வெள்ளமாக வருகின்றன. விரலை எண்ணிப் பார், எழுத்து கோணலாக இருக்கிறதா பார் என்று முன்பு சொல்வோம். அந்தத் தவறுகள் மாதத்துக்கு மாதம் குறைகின்றன, இனி அதை நம்ப முடியாது. ஆனால் பழைய வழி இங்கேயும் பலிக்கும். 2023 மே 22ஆம் தேதி, அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன் அருகே குண்டு வெடித்துப் புகை எழுவதாக ஒரு படம் பரவியது. பங்குச்சந்தைகூடக் கொஞ்ச நேரம் சரிந்தது. உள்ளூர்த் தீயணைப்புத் துறை அப்படி எதுவும் நடக்கவில்லை என்றது. அவ்வளவு பெரிய இடத்தில் குண்டு வெடித்திருந்தால், நூறு பேர் நூறு கோணத்தில் படம் எடுத்திருப்பார்கள். வந்தது ஒரே ஒரு படம். உங்கள் பாலத்துக்கும் இதுவே பொருந்தும். பவானிப் பக்கம் ஒரு பாலம் நிஜமாகவே இடிந்திருந்தால், பத்து நிமிடத்தில் உங்கள் குரூப்பிலேயே மூன்று பேர் நேரில் நின்று எடுத்த வீடியோ போட்டிருப்பார்கள்.

இப்போது உங்கள் அண்ணனின் மோட்டார். இதைத்தான் உங்கள் கடிதத்தில் திரும்பத் திரும்பப் படித்தேன். உங்களுக்கு வந்தது பெரும்பாலும் மேட்டூரின் 16 கண் மதகில் தண்ணீர் பொங்கிப் பாயும் படமாக இருந்திருக்கும். அந்தப் படம் பழையதாகவே இருந்திருக்கலாம், நீங்கள் சொன்னது சரியாகவே இருக்கலாம். அணை நிரம்பும்போதெல்லாம் ஆட்கள் கையில் இருக்கிற பழைய படத்தைத்தான் போடுகிறார்கள். ஆனால் படம் பழையது என்பதால் செய்தியும் பழையது ஆகிவிடாது. மேட்டூரின் முழு நீர்மட்டம் 120 அடி. அன்று எத்தனை அடி இருக்கிறது, வினாடிக்கு எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்பது தினமும் செய்தியில் வருகிறது. 120ஐ நெருங்கி, கர்நாடகாவிலிருந்து நீர்வரத்தும் கூடிக்கொண்டே இருந்தால், படம் எப்படி இருந்தாலும் தண்ணீர் வரப்போகிறது. மாவட்டப் பேரிடர் எண் 1077. மாநில எண் 1070. தாசில்தார் அலுவலகம், கிராம நிர்வாக அலுவலர், ஊரில் மைக் வைத்துச் சொல்லிக்கொண்டு போகும் வண்டி, இவை எல்லாம் அந்தப் படத்தைவிட நம்பகமானவை.

இன்னொன்றும் யோசியுங்கள். நம்புவது வேறு, ஜாக்கிரதையாக இருப்பது வேறு, மற்றவர்களுக்கு அனுப்புவது வேறு. மூன்றுக்கும் ஒரே அளவு ஆதாரம் தேவையில்லை. வெள்ளம் வருமா என்று பாதிச் சந்தேகம் இருந்தாலே மோட்டாரைக் கழற்றி மேட்டில் வைக்கலாம், பொய்யாகப் போனால் அரை நாள் வேலைதான் நஷ்டம். அதே பாதிச் சந்தேகத்தோடு அறுபது பேருக்கு அனுப்பக் கூடாது. ஒரு மனிதர் மேல், ஒரு சாதி மேல், ஒரு மதத்தார் மேல், வெளியூர்க்காரர் மேல் பழி போடும் படம் என்றால், முழுதாக உறுதியான பிறகும் அனுப்பத்தான் வேண்டுமா என்று நான் என்னையே கேட்டுக்கொள்வேன். உங்கள் அண்ணன் கேட்டபோது, "எனக்குத் தெரியவில்லை அண்ணா, 1077க்குக் கேட்டுவிடலாம்" என்று சொல்லியிருந்தால் போதும். தெரியவில்லை என்பதும் ஒரு நேர்மையான பதில்தான். என் தொழிலிலும் பாதி நாள் அதைத்தான் சொல்கிறோம்.

அரசு சொன்னால் அப்படியே நம்பலாமா என்று உங்கள் மருமகன் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. 2015 சென்னை வெள்ளத்தைப் பிரதமர் வானிலிருந்து பார்வையிடும் படத்தில், ஜன்னல் காட்சியை வேறு படத்திலிருந்து ஒட்டி வெளியிட்டது மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே. பிறகு அதை நீக்கி வருத்தம் தெரிவித்தது. அதனால் ஒரு இடத்தோடு நிறுத்தாமல், ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு இடங்களில் பாருங்கள். தமிழில் யூடர்ன் போன்ற சரிபார்ப்புத் தளங்கள் இருக்கின்றன. தமிழக அரசுக்கும் 2023லிருந்து தகவல் சரிபார்ப்பகம் இருக்கிறது. படத்தில் உள்ள விஷயத்தை நான்கு சொல்லில் தட்டி, கூடவே உண்மையா என்று சேர்த்துத் தேடினால், பல நேரம் யாரோ ஏற்கெனவே உழைத்து வைத்திருப்பார்கள்.

வாட்ஸ்அப்பே ஒரு சின்ன எச்சரிக்கை தருகிறது, பலர் கவனிப்பதில்லை. செய்திக்கு மேலே ஒரு அம்புக்குறி இருந்தால், அனுப்பியவர் எழுதியது இல்லை, வேறெங்கிருந்தோ வந்தது. இரட்டை அம்புக்குறி இருந்தால் குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது. 2020லிருந்து அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குரூப்புக்கோ மட்டும்தான் அனுப்ப முடியும். பொய் என்று அதற்கு அர்த்தமில்லை. எடுத்தது யார் என்று உங்களுக்கு அனுப்பியவருக்கே தெரியாது என்றுதான் அர்த்தம்.

உங்கள் அண்ணன் மகன் எழுதியது எனக்கு வருத்தமாக இருந்தது. விஷயம் சரி, சொன்ன இடம் தப்பு. அறுபது பேர் முன்னால் அவமானப்பட்டவர்கள் அடுத்த தடவை திருத்திக்கொள்வதில்லை, ஒதுங்கிவிடுகிறார்கள், இல்லை நீங்கள் போனதுபோல மறுபக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். நாளைக்கு உங்கள் சித்தப்பா ஒரு பொய்ப் படத்தைப் போட்டால், குரூப்பில் எழுதாதீர்கள். தனியாகப் போன் போட்டு, "சித்தப்பா, இது எனக்கும் வந்தது, பயந்துதான் போனேன், அப்புறம் தேடினால் 2019லேயே வந்திருக்கிறது, நீங்களே எடுத்துவிடுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். பெரியவர்கள் இதைக் கேட்பார்கள். நீங்களே தவறாக ஒன்றை அனுப்பிவிட்டால் மட்டும், சத்தமில்லாமல் அழிப்பதோடு விடாமல், அதே குரூப்பில் "நான் அனுப்பியது தவறு, யாருக்காவது அனுப்பியிருந்தால் அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்" என்று எழுதுங்கள். எங்கள் பத்திரிகையில் டீக்கடைக்காரர் போன் செய்த மறுநாள் திருத்தம் போட்டோம். அவருக்கு நன்றி சொல்லியும் எழுதினோம்.

அந்த மருமகனைச் சும்மா விட வேண்டாம். அடுத்த தடவை வீட்டுக்கு வரும்போது பக்கத்தில் உட்கார வைத்து, அந்தப் பாலத்துப் படத்தையே எடுத்து, அது எந்த ஊர், எந்த வருடம் என்று உங்கள் போனில் தேடிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு தடவை அவன் செய்யட்டும், அடுத்த தடவை நீங்கள் செய்யுங்கள். அப்படியே 1077ஐ உங்கள் அண்ணன் போனில் பதிந்து வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். அடுத்த ஆடியில் மேட்டூர் நிரம்பும்போது அவருக்குத் தேவைப்படும்.

அன்புடன்,
படப் பிரிவு ஆசிரியர்